செத்தவர் எங்களுக்கு என்ன முறை

என் அப்பா செத்தபோது அம்மா அழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வருஷக்கணக்காக இதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. குழாயடியில், கோயில் வாசலில், தானா ராத்தா டவுனுக்குப் போகிற பஸ்ஸில்கூட என் காதுபடவே பேசினார்கள். "கல்லு மாதிரி ஒக்காந்திருக்கா லா, ஒரு சொட்டுத் தண்ணி வரல." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர்கள் வாளியை எட்டி உதைத்திருப்பேன். உதைக்கவில்லை. எனக்கும் அதே கவலைதான்.

கொரோனாவுக்காக ஊரையே பூட்டி வைத்திருந்த எம்சிஓ காலம் அது. அப்பாவுக்கு மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸ் லயத்து முனைவரைதான் வந்தது. பிளாஸ்டிக் உடுப்பு போட்ட இரண்டு பேர் கிட்டே வராதே என்று எங்களைத் தள்ளி நிறுத்தினார்கள். அப்பா நடந்தே போனார். ஏறும்போது வண்டியின் மேல்கட்டையில் தலையை இடித்துக்கொண்டார். உடனே திரும்பி நின்று, தலையில் இல்லாத தொப்பியைக் கழற்றி, அந்த வண்டிக் கதவிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே போனார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். நான்கூடச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது என் ஒருத்திக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. தூரத்தில் நின்று ஒரு பையைப் பார்த்தேன். அதற்குள் இருப்பது என் அப்பா என்றார்கள். அங்கேயே எரித்தாயிற்று. பாடை இல்லை, தப்பு மேளம் இல்லை, வாய்க்கரிசி இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் எல்லா இடத்திலும் அப்படித்தான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சாவுச் சேதி வந்தால் தலைமுழுக வேண்டும். அம்மா மாட்டேன் என்றாள்.

"பாக்காத பொணத்துக்கு எப்படிடி அழறது? கடைசியா என்னைச் சிரிக்க வச்சிட்டுப் போனாரு. சிரிச்சிக்கிட்டே வீட்டுக்குள்ள வந்தவ நான். அழுக எங்கேருந்து வரும்?"

நெற்றியில் பொட்டும் அப்படியே இருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தக்காரர்கள் வர முடியவில்லை. வர முடிந்த காலத்தில் அம்மா விடவில்லை. பொட்டை அழிக்கிற வழக்கம் எனக்கும் பிடிக்காததுதான். ஆனால் அம்மா அதை எதிர்த்தா வைத்துக்கொண்டாள்? இல்லை. அவளுக்கு அப்பா இன்னும் சாகவில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் அவருக்கும் சேர்த்துத் தேத்தண்ணி கலக்குவாள். ஆறிப்போனதும் வெளியே எடுத்துப்போய்க் கொட்டுவாள். ஒரே ஒரு தரம் இவள் வாய்விட்டு அழுதுவிடட்டும் சாமி என்றுதான் மாரியம்மன் முன்னால் நின்று கேட்டேன்.

அந்தத் தொப்பி மன்னிப்பு அப்பாவுடையது அல்ல. ஒரு பிரெஞ்சுச் சிரிப்பு நடிகருடையது. தானே எழுதி, தானே இயக்கி, தானே நடிக்கிறவர். அப்பா கல்யாணமாகாத இளவட்டமாக இருந்தபோது, பழைய துரை ஒரு தீபாவளிக்குத் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி அவருடைய முதல் படத்தைப் போட்டாராம். ஓர் ஆள் தலையில் மெத்தையைச் சுமந்துகொண்டு நகரம் முழுக்க நடக்கிறார். அவ்வளவுதான் கதை. மெத்தை கண்ணை மறைப்பதால் வாசலுக்கு வாசல் இடித்துக்கொள்வார். இடித்த வாசலிடம் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்பார். படத்தில் பேச்சே கிடையாது. அதனால் அப்பா துணிக்குப் பக்கத்தில் போய் நின்று தமிழில் வசனம் பேசியிருக்கிறார். "ஐயா கதவு, தெரியாம இடிச்சிட்டேன், எங்க வீட்ல போயிச் சொல்லிடாதீங்க." திடலே விழுந்து விழுந்து சிரித்ததாம். அந்தக் கூட்டத்தில்தான் அம்மாவும் இருந்தாள். அதிலிருந்து ஆரம்பித்ததுதான் எங்கள் குடும்பம்.

அதனால் அந்த மனிதருடைய பிழைப்பு எப்படிப் போகிறது என்று எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு கண் இருந்தது. டவுனில் சீனர் கடையில் வீடியோ கேசட் வாடகைக்கு எடுப்போம். பின்னால் பாசார் மாலாம் என்கிற ராத்திரிச் சந்தையில் திருட்டு வீசிடி. இரண்டாவது படத்தில் கைப்பிடி பிய்ந்த பெட்டியோடு ஒரு கல்யாணத்துக்குப் போவார். அது முதல் படத்தைவிட நன்றாக ஓடியதாம், பரிசெல்லாம் கிடைத்ததாம். மூன்றாவது படத்தில் வாயைத் திறந்து பேச ஆரம்பித்தார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "இவரு எதுக்கு இப்பப் பேசறாரு? என் வேலையப் பிடுங்கிட்டாரே!" அவருடைய நாட்டுக்காரர்களுக்கும் அது பிடிக்கவில்லை போலிருக்கிறது. அதற்கப்புறம் எல்லாம் இறக்கம்தான். பிஸ்கட் விளம்பரத்தில் வந்தார். அடுத்தவர் படத்தில் ஒரு நிமிஷம் வந்து கதவில் இடித்துவிட்டுப் போனார். பிறகு ஆளையே காணோம். "செத்திருப்பாரு பாவம்," என்றார் அப்பா ஒருநாள், தேத்தண்ணியை ஊதிக்கொண்டே. அப்பாதான் முந்திக்கொண்டார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சுற்றுலாப் பயணிகளுக்குத் தேயிலை விற்கிற தோட்டத்துக் கடையில் எனக்கு வேலை. இங்கிலீஷ் வாய்க்கு வரும். "வெள்ளக்காரரு ஒருத்தரு நம்ம தோட்டத்துல படம் எடுக்கறாரு. நம்ம ஆளுங்களுக்கு எடுத்துச் சொல்ல நீ கூட நில்லு," என்றார். ஆபீஸ் நாற்காலியில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில் இருந்தது. அந்த மெத்தைப் படத்துக்காரரேதான். ஐயோ, இந்த மனிதர் இருக்கிறாரா என்று நினைத்தேன். அடுத்த நினைப்பு, அப்பா இல்லையே என்பது.

அவருக்குக் கை நடுங்கியது. மெலிந்து உயர்ந்த உடம்பு, கிட்டத்தட்ட அப்பாவின் அளவு. என் அப்பா அவர் படத்துக்குத் தமிழ் வசனம் பேசிய கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "அந்தக் கூட்டம் சிரித்ததா? சத்தமாகவா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவரைப் பார்த்து யாரும் சத்தமாகச் சிரித்துப் பல காலம் ஆகிவிட்டதாம். மரியாதைக்குப் புன்னகைக்கிறார்களாம். இதுதான் கடைசிப் படம், இதற்கும் சிரிக்கவில்லை என்றால் தான் பிறந்ததே வீண் என்றார். இதை ஒரு வேடிக்கை மாதிரிதான் சொன்னார். கண் மட்டும் வேடிக்கையாக இல்லை.

படத்தின் கதை இது. யாருமே இல்லாத ஒரு கிழவருக்கு, தான் செத்தால் அழ ஆள் வேண்டுமே என்று கவலை. ஊர் ஊராகப் போய்ச் செத்தவர் மாதிரி படுத்துப் பார்க்கிறார். எந்த ஊர் அழுகையும் மனசுக்கு ஒப்பவில்லை. நடுவில் எழுந்து உட்கார்ந்து, "போதாது, இன்னும் கொஞ்சம்" என்று குறை சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். அழுகிறவர்கள் அலறியடித்து ஓடுகிறார்கள். கடைசி ஊர் எங்கள் தோட்டம். கடைசிச் சிரிப்பும் இங்கேதான் வர வேண்டும்.

லயத்தில் இப்போது தமிழாட்கள் கொஞ்சம் பேர்தான். கொழுந்து எடுப்பதெல்லாம் பங்களாதேஷ் பையன்கள். இருந்த பெண்களைத் திரட்டினேன். உயிரோடு இருக்கிறவரைப் பாடையில் படுக்க வைப்பதா என்று முதலில் முரண்டு பிடித்தார்கள். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுவிடலாம் என்று சமாதானம் சொன்னேன். அந்த நடிகப் பெரியவர் அதற்கும் தலையாட்டினார். கம்போங் ராஜா ஊரிலிருந்து செவ்வந்திப் பூ வந்தது. ஆண்கள் பாராங் கத்தியால் பச்சை மூங்கில் வெட்டிப் பாடை கட்டினார்கள். ஈப்போவிலிருந்து தப்புக்காரர்கள் வந்தார்கள்.

எல்லாம் தயாரானதும் எதிர்வீட்டு அக்கா ஒரு கேள்வி கேட்டாள். "இவரு எங்களுக்கு என்ன மொற வேணும்?"

பெரியவருக்கு எடுத்துச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. "யாரும் இல்லை. அதுதானே கதை?" என்றார்.

"யாருமே இல்லன்னா எப்படி லா அழறது? அப்பான்னு அழறதா, அண்ணன்னு அழறதா? புருஷனுக்கு அழறது வேற, கொழுந்தனுக்கு அழறது வேற. சும்மா ஊளையிட நாங்க என்ன நாயா?"

எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் அவள் சொன்னது நியாயம். எங்கள் ஒப்பாரியில் முறை சொல்லிக் கூப்பிடாமல் முதல் அடியே வராது. பெரியவர் யோசித்துவிட்டு, "அவர்களே முடிவு பண்ணட்டும்," என்றார். பெண்கள் கூடிப் பேசி, பொதுவாக அண்ணன் முறை வைத்துக்கொண்டார்கள். அண்ணனென்றால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அம்மா ஓரமாக நின்றாள். அப்பாவுக்குப் பிடித்த நடிகர் என்றுதான் அவள் வந்ததே.

ஒத்திகை நன்றாகத்தான் நடந்தது. பெண்கள் முந்தானைக்குள் சிரித்துக்கொண்டே பொய்யழுகை அழுதார்கள். "அண்ணே, போயிட்டியா அண்ணே, சொந்தமாக் கார் இருந்தும் நடந்து போயிட்டியா?" பெரியவர் குஷியாகிவிட்டார். இப்படி மோசமாக அழுதால்தான் தான் எழுந்து குறை சொல்ல முடியும் என்றார்.

பிறகு நிஜமாக எடுக்க ஆரம்பித்தார்கள். பனி இறங்கிவிட்டது, தேயிலைச் செடியெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. பெரியவரைப் பாடையில் கிடத்தினார்கள். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது. பெண்கள் உட்கார்ந்து ஆரம்பிப்பதற்குள் அம்மா நேராக நடந்து வந்து பாடையின் காலடியில் விழுந்தாள்.

"என்னாங்க! கதவுல இடிச்சிட்டுக் கதவுகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? மூஞ்சியக் காட்டாமப் போனவரே, இப்பத்தான் வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா? கலக்கி வச்ச தேத்தண்ணி எல்லாம் மண்ணு குடிச்சுதே!"

மார்பில் அடித்துக்கொண்டாள். அந்தக் குரல் அவளுக்கு எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எதிர்வீட்டு அக்காதான் முதலில் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு எல்லோரும். இப்போது யாரும் அண்ணே என்று அழவில்லை. அந்த எம்சிஓ காலத்தில் அழாமல் விட்ட அவரவர் வீட்டுச் சாவை அவரவர் அழுதார்கள். தப்புக்காரர்கள் நிஜச் சாவுக்கு அடிக்கிற அடிக்கு மாறிவிட்டார்கள். பெரியவர் எழுந்து உட்கார வேண்டிய நேரம் வந்தது, போனது. அவர் எழவில்லை. மூடிய கண்ணின் ஓரத்தில் தண்ணீர் வடிந்து காதுக்குள் போனது. அவருடைய உதவியாளப் பெண் கேமராவுக்குப் பின்னால் கையைக் கையை ஆட்டினாள், பயனில்லை.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. பாடை தூக்க நிறுத்தியிருந்த நான்கு ஆண்களும் யாரும் சொல்லாமலே பாடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சுடுகாட்டுப் பாதையில் இறங்கிவிட்டார்கள். அழுகை முடிந்தால் தூக்க வேண்டும், அதுதான் அவர்களுக்குத் தெரியும். தப்பு முன்னால் போனது. கேமராக்காரர்கள் சேற்றில் வழுக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். பாதி வழியில் பாடையை இறக்கித் திசை மாற்றுகிற கல் ஒன்று உண்டு. அங்கேதான் நான் எட்டிப் பிடித்தேன்.

"நிறுத்துங்க லா! உள்ள உசுரோட ஆளு இருக்காரு!"

தூக்கியவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். பெரியவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார், மூக்கில் பஞ்சோடு. யாரும் அலறவில்லை, யாரும் ஓடவில்லை, யாரும் சிரிக்கவில்லை. "நான் யார்? அந்த அம்மா யாருக்காக அழுதார்?" என்று கேட்டார். சொன்னேன். கால்விரல் கட்டை அவிழ்க்க என்னை விடவில்லை. தானே குனிந்து, வெகுநேரம் அவிழ்த்தார்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அம்மா லயத்து முனையில் நின்று பாடை மறைகிறவரை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாள். நான் திரும்பியபோது அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பொட்டு இல்லை. அன்று சாயங்காலம் இரண்டு பேருக்குத்தான் தேத்தண்ணி.

மறுநாள் மேனேஜர் என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார். பெரியவர் எழுந்து உட்காரும் சிரிப்பு கிடைக்கவில்லையே, இன்னொரு தரம் எடுத்தால்தானே படம் முடியும், அம்மாவிடம் சொல் என்றார். சொன்னேன். "ஒரே ஆளுக்கு ரெண்டு தடவ அழ மாட்டாங்க," என்றாள் அம்மா. அவ்வளவுதான். மற்றவர்களும் வரவில்லை.

அன்று மத்தியானம் பெரியவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கெஞ்சத்தான் வருகிறார் என்று வாயில் நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். லயத்து வாசல் தாழ்வானது. நிஜமாகவே நெற்றியில் இடித்துக்கொண்டார். ஒரு கணம் நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கதவிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டார். வாழ்நாள் முழுக்க அதைச் செய்து சோறு சாப்பிட்டவர், அதைவிட அழகாக யாரும் செய்ய முடியாது. செய்துவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "வீங்கிடும்டி, அந்தத் தைலத்த எடு," என்றாள். அவரைப் பலகையில் உட்காரவைத்து நெற்றியில் தேய்த்துவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை. தேத்தண்ணி குடித்தார், போய்விட்டார். இரண்டு நாளில் படமெடுக்க வந்த லாரிகளும் கிளம்பிவிட்டன.

இந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உதவியாளப் பெண் போன் செய்தாள். பெரியவர் இறந்துவிட்டார். படத்தை எப்படியோ முடித்திருந்தாராம், எழுந்திருக்காத பிணத்தோடு. தியேட்டரில் ஆட்கள் இப்போது எழுவார், இப்போது எழுவார் என்று சிரிக்கத் தயாராகக் காத்திருந்தார்களாம். விளக்கைப் போட்டதும் ஒன்றும் புரியாமல் எழுந்து போனார்களாம். ஒரு வாரம்கூட ஓடவில்லை. படக் கம்பெனிக்காரர்கள் ஒரு காட்சி மாற்றச் சொன்னதற்கும் அவர் சம்மதிக்கவில்லை என்றாள்.

பிறகு சாவுச் செய்தி வீடியோ அனுப்பினாள். முழுக்க அந்த மெத்தைப் படம்தான். எங்கள் தோட்டம் அதில் ஒரு நொடிகூட இல்லை. கடைசியில் ஒரு மண்டபத்திலிருந்து சவப்பெட்டியைத் தூக்கி வருகிறார்கள். இரண்டு பக்கமும் நின்ற கூட்டம் கை தட்டுகிறது. அம்மா என் போனைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"எதுக்குடி கை தட்டுறாங்க?"

"அது அவங்க வழக்கம்மா. நடிகர் செத்தா அப்படித்தான் அனுப்புவாங்களாம்."

"பொம்பளைங்க ஒருத்தியும் அழல?"

"அவருக்குப் பொண்டாட்டி புள்ள யாரும் இல்லம்மா."

அம்மா வீடியோவை மறுபடி ஓட்டச் சொன்னாள். மறுபடியும் கைதட்டல். போனை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலின் மேல்கட்டையைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நான் அழுதது உங்கப்பாவுக்குடி. இவரு ஒடம்ப எரவல் வாங்கித்தான் அழுதேன். இவருக்கு யாருமே அழலயே."

கொண்டையை அவிழ்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே! எந்தூர்லயோ பொறந்து என் வீட்டு வாசல்ல தலைய இடிச்சிக்கிட்டியே அண்ணே! தைலம் தேய்க்கையில, உனக்கு யாருமில்லன்னு வாய் தொறந்து சொல்லாமப் போனியே அண்ணே!"

எதிர்வீட்டு அக்கா சோப்பு நுரைக் கையோடு ஓடி வந்தாள். "யாருடி? யாரு செத்தது?"

யாரோ ஒரு வெள்ளைக்காரர் என்று சொல்லியிருக்கலாம், படமெடுக்க வந்தாரே அந்தப் பெரியவர் என்றும் சொல்லியிருக்கலாம்.

"எங்க தாய்மாமா, அக்கா," என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் வந்துவிட்டது.